டோடோலின் மூச்சு

பாண்டுங் நகரின் வடக்கு மேட்டில், எங்கள் சந்து வளைந்து முடியும் இடத்தில் இமாஸின் சலவைக் கடை இருக்கிறது. துணியை எடைபோட்டு வாங்கி, துவைத்து, தேய்த்து, பிளாஸ்டிக் உறையில் கட்டித் தருவது அவள் தொழில். நாற்பத்தைந்து வயது, குள்ளமான உருவம், வேகமான நடை. வெள்ளைத் துணியையும் சாயம் போகும் துணியையும் ஒரே பையில் திணித்துக் கொண்டுவருகிறவர்களை முகத்துக்கு நேரே திட்டிவிட்டுத்தான் வாங்கிக்கொள்வாள். எதையும் அதற்குரிய முறைப்படி செய்தால் முடிவு சரியாக வந்தே தீரும் என்று அவள் உறுதியாக நம்பினாள். அந்த நம்பிக்கையை அசைத்துப் பார்த்தது ஒரு மலைப்பாம்பு.

பாம்பு அவள் தேடி வாங்கியதன்று. அவளிடம் துணி போட்டுவந்த கல்லூரி மாணவன் ஒருவன், ஊருக்குப் போகும் வழியில், "ரெண்டு நாள் பாத்துக்குங்க தெத்தே" என்று ஒரு பெட்டியைக் கடையில் வைத்துவிட்டுப் போனான். தெத்தே என்றால் அக்கா. அக்கா பெட்டியைத் திறந்து பார்த்து அலறியபோது அவன் பேருந்து ஏறியிருந்தான். பிறகு படிப்பையும் விட்டான். கைப்பேசி எண்ணையும் மாற்றினான். பெட்டிக்குள் இருந்தது, பயந்தால் பந்துபோல் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும் தடித்த, குட்டையான மலைப்பாம்பு. தன்னைவிட அதிகமாகப் பயப்படும் ஓர் உயிரை இமாஸ் அதுவரை பார்த்ததில்லை. கருப்பட்டி நிறத்தில் சுருண்டு கிடந்ததால், அந்த நிறத்து இனிப்பின் பெயரையே வைத்து டோடோல் என்று அழைத்தாள்.

வளர்ப்பதென்று முடிவான பின் அதையும் முறையாகவே செய்தாள். பெட்டியின் ஒரு பாதிக்குக் கீழே சூட்டுத் தகடு, மறுபாதி குளிர்ச்சியாக. இரண்டு பக்கமும் வெப்பமானி. ஒளிந்துகொள்ள ஒரு குடுவை. தரையில் தினமும் மாற்றும் தாள். அவள் கணவன் ஓமான் மட்டும் பெட்டிப் பக்கமே வரமாட்டான். ஷேர் வேன் ஓட்டுபவன். நெரிசலில் பெரிய லாரிக்கும் வழிவிடாதவன், இந்தப் பாம்பைக் கண்டால் சுவரோரமாக நடப்பான். "உன் கயிறு தூங்குதா?" என்று கதவருகே நின்று கேட்பதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை நடக்க விடுவார்கள். ஊர்வன வளர்ப்பவர்களின் சங்கம் அங்கேதான் கூடும். பச்சை குத்திய இளைஞர்களுக்கு நடுவே, முக்காடு அணிந்த சலவைக்காரி ஒருத்தி கழுத்தில் மலைப்பாம்போடு நிற்பதைப் பார்க்கவே கூட்டம் வரும். குழந்தைகள் வரிசையில் நின்று டோடோலைத் தொட்டுப் பார்ப்பார்கள். "கைய கழுவிட்டு வந்து தொடு. தொட்டுட்டும் கழுவு," என்று இமாஸ் அதட்டுவாள். வாரம் முழுவதும் பிறர் அழுக்கைத் துவைப்பவளுக்கு, பிறர் அவள் சொல்லைக் கேட்டு நிற்கும் நேரம் அந்த ஒரு காலைதான்.

அந்த ஆண்டு மழை விடாமல் பெய்தது. ஒரு ஞாயிறு தூறலில் நனைந்து திரும்பிய சில நாட்களில், டோடோல் கழுத்தை நீட்டித் தலையை மேலே தூக்கியபடி அசையாமல் இருப்பதை இமாஸ் கவனித்தாள். காதை அருகே வைத்தபோது, ஈர விறகு எரியும்போது கேட்பது போன்ற சின்னச் சின்னச் சொடுக்குகள் கேட்டன. தோலுரிக்கும் காலத்தில் மூக்கில் பழைய தோல் ஒட்டிக்கொண்டு இப்படிச் சத்தம் வருவதுண்டு. தோல் உரிந்தது, முழுதாகவே உரிந்தது, சொடுக்கு நிற்கவில்லை. இரையாகப் போட்ட எலியை டோடோல் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் அதன் மூக்குத் துளையில் ஒரு நுரைக்குமிழி தோன்றி உடைந்தது.

"காத்து ஏறியிருக்கு," என்றான் ஓமான் கதவருகே நின்று. தலைவலி, வயிற்றுவலி, சளி எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கத்தில் காரணம் ஒன்றுதான்: உடம்புக்குள் காற்று ஏறிவிட்டது. முதுகில் காசால் சுரண்டினால் அது இறங்கிவிடும் என்பார்கள்.

"முதுகுல காசு வெச்சுச் சுரண்டி எறக்கட்டுமா? அதுக்கு முதுகு எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு நீங்களே வந்து காட்டுங்க காங்," என்றாள் இமாஸ்.

"சிரிக்காத நெங். உயிருன்னா உயிருதான். காத்து எல்லாத்துக்கும் ஏறும்," என்றான் ஓமான். காங் என்பது மனைவி கணவனை அழைப்பது, நெங் என்பது அவன் அவளை அழைப்பது.

சங்கத்துக்காரர்களிடம் கேட்டதுதான் தவறு. ஒருவன் வெயிலில் போடச் சொன்னான். ஒருவன் வெந்நீரில் குளிப்பாட்டச் சொன்னான். சங்கத் தலைவன் யயான், தன் பாம்புக்கு இப்படி வந்தபோது தானாகவே சரியாகிவிட்டது என்றான்.

"அந்தப் பாம்பு இப்ப எங்க?" என்று இமாஸ் கேட்டாள்.

"அது... அப்பறம் வேற ஏதோ வந்து செத்துப் போச்சு தெத்தே."

அவள் பெட்டியைத் துண்டால் சுற்றி எடுத்துக்கொண்டு, பாம்பு, ஓணான் போன்றவற்றையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் லாரஸிடம் போனாள். மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் டோடோலின் வாயைத் திறந்து மருத்துவர் காட்டினார். உள்ளே எச்சில் பசைபோல் நூல்நூலாக இழுபட்டது.

"நுரையீரல்ல தொற்று. நமக்குச் சளி கட்டினா இருமித் துப்பிடுவோம். பாம்பால இரும முடியாது. உள்ளேயே தேங்கும். அதனாலதான் தலையத் தூக்கித் தூக்கி மூச்சு விடுது. இப்ப மூக்கால விடுது. வாயத் திறந்து விட ஆரம்பிச்சா நெலம கஷ்டம். புரியுதா தெத்தே?"

"புரியுது டாக்டர்."

ஊசி மருந்தும், எங்கே போடுவது என்ற பாடமும் கிடைத்தன: உடம்பின் முன்பகுதியில், முதுகெலும்புக்குப் பக்கத்துச் சதையில், ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி. சூட்டைச் சற்றுக் கூட்ட வேண்டும். இரவிலும் குறையவிடக் கூடாது. குணமாகும்வரை இரை கூடாது. குளிர்காற்று, ஈரத்தாள், கடும் வாசனை எதுவும் ஆகாது.

கடும் வாசனை என்றதும் இமாஸுக்குத் தன் கடைதான் நினைவுக்கு வந்தது. பெட்டி இருந்தது தேய்ப்பு மேசைக்குப் பின்னால். துணிக்குத் தெளிக்கும் வாசனைத் திரவியம் நாள்முழுவதும் அங்கே மிதக்கும். அன்றே அதை நிறுத்தினாள். வாடிக்கையாளர்கள் உறையைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"என்ன தெத்தே, தொவைக்கவே இல்லையா?"

"தொவைச்சாச்சு. சுத்தத்துக்கு வாசனை கெடையாது."

"அந்த டயலாக்கெல்லாம் வேணாம். பக்கத்துக் கடையில ரோஜா வாசனை வருது."

"அப்ப ரோஜாகிட்டயே போய்ப் போடுங்க."

சிலர் ரோஜாவிடமே போனார்கள். வாசனை போயிற்று, வாடிக்கையும் போயிற்று. சொடுக்கு மட்டும் போகவில்லை. டோடோலைத் துண்டில் உருட்டி, முழங்கைகளால் அணைத்துக்கொண்டு தனியாகவே ஊசி போட்டாள். சூடு சரியாக இருந்தது. தாள் உலர்ந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கழுவப்பட்டிருந்தது. சொன்னது அத்தனையும் செய்தாயிற்று. ஆனாலும் காலையில் பெட்டியருகே குனிந்தால் அந்தச் சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. கடையில் மிச்சமிருக்கும் நீராவியும் சோப்புநெடியும்தான் காரணம் என்று முடிவு செய்து, பெட்டியைக் கடைக்குப் பின்னாலிருந்த தங்கள் படுக்கையறைக்கு மாற்றினாள். ஓமான் மறுப்பான் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராக நின்றாள். அவனோ கட்டிலைத் தானே நகர்த்திக் கொடுத்தான்.

படுக்கையறைக்கு வந்தபின் டோடோலின் நிலை வேகமாக மோசமானது. ஒரு காலை அதன் வாய் சிறிது திறந்தே இருந்தது.

இமாஸ் கடையைப் பூட்டிவிட்டு மீண்டும் மருத்துவரிடம் ஓடினாள். லாரஸ் நெடுநேரம் பரிசோதித்தார். பின்பு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஊசி ஒழுங்காப் போடுறீங்கதானே?"

இமாஸின் முகம் சிவந்தது. "நான் ஒரு சட்டைய ரெண்டு தடவை அலசலன்னா எனக்குத் தூக்கம் வராது டாக்டர். ஊசியையா விட்டுடுவேன்?"

"சூட்டுத் தகடு?"

"ஓடுது. கையால தொட்டும் பாக்குறேன், வெப்பமானியிலயும் பாக்குறேன்."

"கொசுவத்தி, ஊதுபத்தி, சிகரெட், அறைக்கு அடிக்கிற ஸ்பிரே, ஏதாவது?"

"ஒண்ணும் கெடையாது. கடையில அடிக்கிறதையே நிறுத்திட்டேன். பொழப்பே போச்சு."

அவள் சொன்னதில் பொய்யில்லை. மருத்துவரும் அதற்குமேல் கேட்கவில்லை. சளியில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை இமாஸ் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. முறைப்படி செய்தும் கெட்டுப் போகிற காரியத்தை எங்கே போய்த் திருத்துவது? தவறு செய்திருந்தால் திருத்திக்கொள்ளலாம். தவறே இல்லாத இடத்தில் தவறைத் தேடுவது அவளுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்வது போலிருந்தது. ஓமான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்குக்கூட, "எனக்கு ரெண்டு கைதான் காங்," என்று எரிந்து விழுந்தாள்.

ஒரு நண்பகல், அவள் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மருத்துவர் அழைத்தார்.

"முடிவு வந்துடுச்சு தெத்தே. நாம குடுக்கிறது சரியான மருந்துதான். அந்தக் கிருமி இதுக்குச் சாகணும். அப்படின்னா அது இருக்கிற எடத்துல ஏதோ ஒண்ணு நுரையீரலைப் புண்ணாக்கிக்கிட்டே இருக்கு. இன்னொரு தடவை எல்லாத்தையும் பாருங்க."

இமாஸ் தேய்ப்புப் பெட்டியை நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற வாடிக்கையாளரைக்கூடப் பாராமல், நேரே பின்னால் போனாள். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த ஓமான் பெட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் பச்சைப் புட்டி. மறுகையில் மடித்த துணி. பெட்டிக்குள்ளே, சூட்டுத் தகட்டின் மேல், அதே போன்ற இன்னொரு துணி கிடந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"கையில என்ன?"

"தைலம்தான். வேற என்ன?"

காயு பூத்தி மரத்துத் தைலம். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. பிறந்த குழந்தையின் வயிற்றில் தடவுவோம். பயணம் போகிறவர் நெற்றியில் தடவுவோம். கொசு கடித்தாலும், மனம் சரியில்லையென்றாலும் தடவிக்கொள்வோம். ஓமான் காலையில் வேனை எடுக்குமுன் நெஞ்சிலும் கழுத்திலும் தேய்த்துக்கொள்ளாமல் புறப்பட்டதே இல்லை. தலையணை, போர்வை, சுவரில் தொங்கும் சட்டை எல்லாவற்றிலும் அந்த நெடி ஊறிக் கிடந்தது. அதனாலேயே யாரும் அதை முகர்ந்ததில்லை. அது அவர்களுக்கு வாசனை அன்று, வீடு. மருத்துவர் கடும் வாசனை என்று சொன்னபோது, இமாஸின் நினைவில் ரோஜாவும் கொசுவத்தியும் வந்தன, இது வரவில்லை.

"எத்தனை நாளா?"

"அது சத்தம் போட ஆரம்பிச்சதுல இருந்து. கடையில இருந்தப்ப, நீ இல்லாத நேரமாப் பாத்து எப்பவாவது. இங்க வந்தப்பறம் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நீ வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். இன்னிக்கு ரொம்ப இழுத்துச்சு, அதான் மத்தியானமும்."

"ஐயோ காங்! சூட்டுத் தகட்டு மேலயா?"

"சூட்டுல வெச்சாத்தானே ஆவி நல்லா ஏறும்? மூடியையும் இறுக்கி மூடி வெச்சேன். உடம்புல தடவல, சத்தியமா. தொட எனக்குப் பயம்னு உனக்குத் தெரியாதா?"

இமாஸ் துணிகளை அள்ளிச் சன்னலுக்கு வெளியே எறிந்தாள். மூடியை முழுதாகவே எடுத்துவிட்டாள். டோடோல் தலையை மேலே தூக்கி, வாய் பிளந்து கிடந்தது. ஓர் ஊசியையும் தவறவிடாமல், வாடிக்கையையும் இழந்து, மருத்துவரின் சந்தேகத்தையும் தாங்கி அவள் செய்த அத்தனையும் இந்தப் பச்சைப் புட்டிக்குள் போய்க் கரைந்திருந்தன.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? ஒரு வார்த்தை!"

"கேட்டா நீ சிரிப்ப. காசு வெச்சுச் சுரண்டவான்னு கேப்ப," என்றான் ஓமான். பிறகு தாழ்ந்த குரலில், "பக்கத்துல படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேக்க முடியல நெங். கொழந்தைக்கு மூச்சு முட்டுற மாதிரியே இருக்கு. கொழந்தைக்கே தடவுறதுதானே, இதுக்கு மட்டும் விஷமாவா ஆயிடும்னு நெனைச்சேன்."

அவன் வெறுப்பில் செய்திருந்தால் இமாஸுக்கு எளிதாக இருந்திருக்கும். மனதாரத் திட்டித் தீர்த்திருப்பாள். இரக்கத்தில் செய்தவனை எவ்வளவு திட்டினாலும் அது பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மருத்துவரை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"நான் அதைக் கேக்கவே இல்லையே தெத்தே," என்றார் லாரஸ். "என் கைப்பையிலயே ஒரு புட்டி இருக்கு. எனக்கும் தோணல."

அந்த நெடி மனிதனுக்கு மூக்கைத் திறக்கும். மூடிய பெட்டியில், சூட்டில் ஆவியாகி, இரும முடியாத உயிரின் நுரையீரலில் படிந்தால் புண்ணாக்கும் என்று அவர் விளக்கினார். மருந்து ஒருபுறம் ஆற்றியதை ஆவி மறுபுறம் கிளறிக்கொண்டே இருந்திருக்கிறது. "இப்ப நிறுத்தினா?" என்று இமாஸ் கேட்டதற்கு, "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

இமாஸ் பெட்டியையே மாற்றினாள். அறையிலிருந்த துணி முழுவதையும் கடை இயந்திரங்களில் போட்டு வெந்நீரில் துவைத்தாள். சுவரைக்கூடத் துடைத்தாள். டோடோலைத் தொடுமுன் தன் கையையும் சோப்புப் போட்டுக் கழுவினாள். அவளும்தான் தினமும் நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்கிறவள். பச்சைப் புட்டியோடு ஓமான் முன்னறைக்கு அனுப்பப்பட்டான். தைலமில்லாமல் தூக்கம் வராதவன், தைலத்தோடு மனைவி இல்லாமல் தூங்கக் கற்றுக்கொண்டான். செய்தி சந்து முழுவதும் பரவியது. எதிர்க் கடையில் இஞ்சிப் பானம் விற்கும் எந்தின் அவளைக் கடக்கவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பாம்பு மூச்சு விடணும்னு புருஷனத் தள்ளி வெச்சுட்டியாமே?"

"உங்க வீட்டுக்காரர் கொறட்டைக்கும் ஒரு பெட்டி இருக்கு தெத்தே. வேணுமா?"

டோடோல் நலிந்து போயிருந்ததால் துண்டில் உருட்டி அழுத்திப் பிடிக்க வேண்டாம், ஒருவர் தாங்கிக்கொள்ள மற்றவர் ஊசி போடட்டும் என்று மருத்துவர் சொன்னார். சங்கத்துக்காரர்கள் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை. மழை என்றார்கள். ஓமான்தான் மிச்சம். அவன் குளித்து, சட்டை மாற்றி, கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து நின்றான். பாம்பை மடியில் வைத்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ணத் தெறங்க. வழுக்கி விட்டுடப் போறீங்க."

"ஈரமா இருக்கும்னு நெனைச்சேன். ஒலர்ந்து இருக்கே."

"இத்தனை வருஷம் தொட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"சீக்கிரம் குத்து. அதுக்குக் குத்து, எனக்குக் குத்திடாத."

"குத்தணும்னுதான் இருக்கு," என்றாள் இமாஸ்.

டோடோலின் வாய் மூடியது முதலில். குமிழிகள் நின்றன. சொடுக்கு ஒரு நாள் குறையும், மறுநாள் கூடும். இமாஸின் முகமும் அதற்கேற்ப மாறும். மருந்து முடிந்து, மழையும் ஓய்ந்தபின், இருவரும் பெட்டியோடு மருத்துவமனைக்குப் போனார்கள். காத்திருக்கும் இடத்தில், பக்கத்து நாற்காலியில், மூக்கொழுகும் ஓணான் ஒன்றை மடியில் வைத்திருந்த ஒருவரிடம் ஓமான் தானாகவே பேச ஆரம்பித்தான்.

"தைலம் கிய்லம் தடவிடாதீங்க ஐயா. ரொம்பத் தப்பு. எங்க சந்துல ஒரு ஆளு, பெரிய புத்திசாலி, பாம்புப் பெட்டியிலயே தைலத்துணி போட்டு மூடிட்டான். பாம்பு செத்துப் பொழைச்சுது."

"யாருங்க அது?" என்று இமாஸ் கேட்டாள்.

"உனக்குத் தெரியாது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போது அவர்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

லாரஸ் டோடோலின் உடம்பில் கருவியை வைத்து மேலும் கீழுமாகக் கேட்டார். மீண்டும் முதலிலிருந்து கேட்டார். வாயைத் திறந்தார். உள்ளே வெளிர்சிவப்பாக, சுத்தமாக இருந்தது, நூல் இல்லை. இமாஸ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூச்சு சுத்தமா இருக்கு," என்றார் மருத்துவர். "ஆனா நுரையீரல்ல தழும்பு இருக்கலாம். குளிர்ல நின்னா திரும்ப வரும். ஞாயித்துக்கெழமைக் கூட்டத்துக்கெல்லாம் இனிமே வேணாம் தெத்தே. கழுத்துல போட்டுக்கிட்டு நிக்கிறது, ஆளுக்கு ஆள் தொடுறது, எல்லாம் முடிஞ்சுது."

வரிசையில் நிற்கும் குழந்தைகளும், தன் அதட்டலுக்கு ஓடிப்போய்க் கைகழுவும் இளைஞர்களும் இமாஸின் கண்முன் வந்திருக்க வேண்டும். பிறகு, "சரி டாக்டர்," என்றாள். "எரை குடுக்கலாமா?"

"இன்னும் ஒரு வாரம் போகட்டும். அப்பறம் சின்ன எலி ஒண்ணு."

"ஒரு வாரமா?" என்றான் ஓமான், பெட்டியை எட்டிப் பார்த்தபடி. "பாவம் டாக்டர், பசிக்காதா? நான் வேணும்னா மெதுவா, கொஞ்சமா..."

"காங்," என்றாள் இமாஸ். "நீங்க அதுக்கு எதையுமே செய்யாதீங்க. தூக்குறதுன்னா தூக்குங்க, அவ்வளவுதான்."

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.